அந்தப் பாட்டை எழுதியது நானல்ல

என் தம்பி மகள் எழுதிய பாட்டை நான் எழுதியதாக ஊர் நம்பியது. அப்படி நம்பும்படி செய்தவன் நான்தான். பொய் சொன்னேனா என்று கேட்டால், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "நான் எழுதவில்லை" என்றுதான் மேடையில் சொன்னேன். ஆனால் அந்தச் சொற்களை எந்தக் குரலில், எப்படித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் நேர் எதிரான பொருள் வரும் என்பது எனக்குத் தெரியும். பாதி ஆயுளை மேடைகளில் கழித்தவன் நான். தெரிந்தே சொன்னேன்.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி என்னைப் போலப் படிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். மைக்கைச் சோதிக்க "ஒன், டூ, த்ரீ" என்று சொல்வது அவனுக்குப் பிடிக்காது. "எண்ணிக்கை சொல்லுறதுக்கு இதென்ன ரேஷன் கடையா?" என்பான். அதனால் மகளைத் தூக்கி நாற்காலியில் நிறுத்தி, "எதையாவது பாடு புள்ள" என்பான். அவள் கண்ணில் பட்டதைப் பாடுவாள். பந்தல்காரர் ஏணியை மறந்துவிட்டு வந்ததை, சமையல்காரருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடக்கும் சண்டையை, எல்லாவற்றையும் மெட்டுப் போட்டு ஊருக்கே ஒலிபரப்புவாள். ஒரு தடவை மணமகனின் மாமா கழிப்பறையைத் தேடிக்கொண்டிருப்பதைப் பாடிவிட்டாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த மாமா சிரிக்கவில்லை.

அவள் பாட்டுக் கட்டத் தொடங்கியது அப்படித்தான். நான் அதைப் பாட்டென்று நினைத்ததே இல்லை.

வளர்ந்த பின் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தாள். செட்டியார்பட்டி, மகாராஜபுரம் என்று சுற்றுவட்டாரத்துத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடினாள். ஆண் குரலுக்குப் பதில் சொல்லும் பெண் குரல் அவளுடையது. பல வருடங்கள் அப்படியே போயின. பிறகு தம்பி இறந்தான். அவன் இறந்த பின் அவள் குழுவைவிட்டு விலகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் மாலை ராஜபாளையத்துக்கு வந்தாள். கூடத்தில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, நான் ஆல்பம் போடப் போறேன். எல்லாம் நானே எழுதுனது. செத்த கேளுங்க. குத்தம் குறை இருந்தா சொல்லுங்க" என்றாள்.

பாடினாள். வாத்தியம் எதுவும் இல்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டாள். பருத்தி மில்லுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேனைப் பற்றி ஒரு பாட்டு. புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் தொலைந்துபோன ஒரு செருப்பைப் பற்றி ஒரு பாட்டு. நான் விடைத்தாள் திருத்துகிறவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே எதுகை நிற்கவில்லை, அங்கே ஒரு சீர் குறைகிறது என்று சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கடைசியாக ஒன்றைப் பாடினாள்.

செத்த நேரம் இரு,
செருப்ப மாட்டாத,
சொல்ல ஒண்ணும் இல்ல,
சும்மாத்தான் கூப்பிட்டேன்.

மேலே பாடவிடாமல் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏனென்று பிறகு சொல்கிறேன். அப்போது நான் சொன்னது இது:

"இதுல 'செத்த' வேண்டாம்மா. கேக்குறவன் சாவைத்தான் நினைப்பான். அமங்கலமா இருக்கு, எந்தக் கல்யாண வீட்லயும் போட மாட்டாங்க. 'சற்று நேரம்'னு மாத்திடு. இலக்கணமும் சரியா இருக்கும், தாளமும் கெடாது."

"கல்யாண வீட்லயே அப்படித்தான பெரியப்பா பேசுதோம். 'செத்த நேரம் இருங்க, சாப்ட்டுட்டுப் போங்க'ன்னு."

"பேசலாம். பாடக் கூடாது."

அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "பேசுறதப் பாடாம பேசாததையா பாடுவாக?"

"உனக்கு இது புரியாது" என்றேன்.

"எனக்குப் புரியலைன்னா அப்ப நல்ல பாட்டு இல்லதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். தம்பி மகள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வார்த்தை இல்லன்னா அந்தப் பாட்டே இல்ல பெரியப்பா" என்றாள். குரலில் வருத்தம் இல்லை. காப்பியைக் குடித்தாள், பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

'சற்றே' என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சில் 'செத்த' ஆயிற்று. சாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இதை நானே வகுப்பில் ஆண்டாண்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'செத்த நேரம்' என்றால் சிரிக்கிற வெளியூர் மாணவர்களை நிற்க வைத்து விளக்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் அன்று அமங்கலம் என்றேன்.

அவள் நான் சொன்ன எதையும் ஏற்கவில்லை. எதுகை நிற்காத இடத்தில் அது நிற்காமலே இருந்தது. எங்கள் ஊரிலேயே ஒரு மாடியறையில், மில் இரைச்சல் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் மெத்தைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஆல்பத்துக்கு 'செத்த நேரம்' என்றே பெயர் வைத்தாள்.

அது எப்படிப் பரவியது என்பதை என்னால் சொல்ல முடியாது. முதலில் மில் வேன்களில் கேட்டது. பிறகு மினிபஸ்ஸில், டீக்கடையில், பேத்தி வயதுப் பெண்களின் கைபேசியில். சென்னையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், எங்க ஆபீஸ்ல கோயம்புத்தூர்க்காரன்கூட இப்ப 'செத்த இருப்பா'ங்கிறான்" என்றார். பட்டணத்தில் பெரிய அரங்குகளில் அவளைப் பாடக் கூப்பிட்டார்கள். அவள் மேடையில் நிற்க, எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த நாலு வரியைப் பாடுவதைக் கைபேசியில் பார்த்தேன். இனி யாருக்கும் அவள் பதில் குரல் இல்லை.

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வாழ்நாள் முழுவதும் தமிழைப் பற்றிப் பேசியவன் நான். நான் எழுதிய ஒரு வரிகூட இந்த ஊர் வாயில் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரிகள் சேர்ந்து அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. துணிக்கடை பாய் ஒருவர் தலைமை. தம்பிக்கு நெடுநாள் பழக்கம். அவர் மைக்கைப் பிடித்து, "இந்தப் புள்ள சின்னதுல எங்க கடை ஆடித் தள்ளுபடிக்கு மைக்ல பாடும். அன்னைக்குச் சம்பளமா ஒரு கவுனு கேட்டுச்சு, குடுத்தேன். நல்லவேளை, இன்னைக்கு ஒரு பொன்னாடையோட தப்பிச்சிட்டேன். இப்ப இதோட சம்பளத்துக்குக் கடையத்தான் எழுதிக் குடுக்கணும்" என்றார். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் அவளும் அவள் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். குடும்பத்துப் பெரியவன், தமிழ்ப் பேராசிரியர்.

நான் பேசியது இது. மறக்க முடியவில்லை. "என் மகள் வந்தாள், பாடிக் காட்டினாள். நான் எதுவும் எழுதவில்லை. எழுதியவள் அவள். ஏதோ, என் சிற்றறிவுக்கு எட்டிய மட்டும், அங்கங்கே ஒன்றிரண்டு சொல்..." இங்கே நிறுத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டேன். "அதெல்லாம் பேசக் கூடாது. ஆறு ஓடுகிறது என்றால் அது ஆற்றின் பெருமை. கரை தன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை."

கைதட்டல் எழுந்தது. அவளுக்குக் கிடைத்ததைவிடப் பலமாக எழுந்தது.

எங்கள் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்தவர் "போதும்" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தால், பரிமாறுகிறவர் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவார். போடாமல் போய்விட்டால் அது மரியாதைக் குறைவு. மேடையும் அப்படித்தான். அங்கே ஒரு பெரியவர் "என் பங்கு ஏதுமில்லை" என்றால், கூட்டம் அவர் பங்கை இரண்டு மடங்காகப் போட்டு நிரப்பும். நான் இலைக்குக் குறுக்கே கை வைத்தேன். எவ்வளவு விழும் என்று தெரிந்துதான் வைத்தேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையைப் பார்த்தேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரிப்பு வாயில் மட்டும் மிச்சமிருந்தது. அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே யூடியூப் சேனல் நடத்தும் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பிள்ளை. பேச்சுக்குப் பேச்சு "அய்யா" போட்டார். பழைய காலத்துப் பட்டிமன்றங்களைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். "அய்யா, 'செத்த நேரம்'. அந்த ஒரு சொல்தான் தமிழ்நாட்டையே கட்டிப் போட்டிருக்கு. அது யாருக்குத் தோணுச்சு?"

"அவளுக்கு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் கண்ணை மூடித் திறந்தேன். "அது இந்த மண்ணோட சொல் தம்பி. நாம எடுத்துக் குடுக்கிறோம், அம்புட்டுதான்" என்றேன்.

நாம. நான் இல்லை, அவள் இல்லை, நாம.

அடுப்படியில் பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே சத்தமாக விழுந்தது. இளைஞருக்கு அது புரியவில்லை. 'பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பேராசிரியர்' என்று பெயர் போட்டு அந்தப் பேட்டியை வெளியிட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்ததாகச் சொன்னார். தெருவில் போனால் "சார், நீங்க எழுதுன பாட்டு" என்று நிறுத்திக் கை குலுக்கினார்கள். "சேச்சே, நானெங்கே" என்பேன். அவர்கள் இன்னும் அழுத்திக் குலுக்குவார்கள்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு சினிமா இசையமைப்பாளரின் அலுவலகத்தார் என்னோடு பேசினார்கள். மெட்டு ஒன்று தயாராக இருக்கிறது, அதே மாதிரி மண் மணக்க நாலு வரி வேண்டும், பாடப்போவது உங்கள் மகள்தான் என்றார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது வெளிப்படை. "அனுப்புங்க, பாக்கிறேன்" என்றேன்.

மெட்டு கைபேசிக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிப் பார்த்தேன். 'எம்புட்டு' போட்டேன், 'பொறவு' போட்டேன். எங்கள் ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்த மெட்டில் வைத்தேன். ஒன்றுகூட உட்காரவில்லை.

அவள் வந்தபோது நான் அந்த மெட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. கைபேசியை நான் அணைப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கும் வந்திருச்சா பெரியப்பா?"

"வந்துச்சு."

"எழுதிட்டீங்களா?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"எனக்குப் போன் போட்டாக. 'நீங்க பாடிருங்க மேடம், வரிய உங்க பெரியப்பாகிட்ட வாங்கிக்கிடுதோம்'னாக. நான்தான் எழுதுவேன்னு சொன்னேன். சிரிக்காக பெரியப்பா. 'உங்க பெரியப்பா பேட்டிய நாங்க பாத்துட்டோம், பெரிய மனுஷன், பேரே வேண்டாங்காரு'ன்னு சொல்லிச் சிரிக்காக."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா..."

"நீங்க ஒண்ணுமே சொல்லல. அதான்." அவள் குரல் உயரவே இல்லை. "எம்புட்டு வருஷம் அடுத்தவிய பாட்டப் பாடுனேன்? மேடையில என் பேரக்கூடச் சொல்ல மாட்டான், 'அடுத்து நம்ம குயிலு'ம்பான். இது ஒண்ணுதான் நான் எழுதுனது. இதையும் அடுத்தவிய பாட்டா ஆக்கிட்டீங்களே."

அடுத்தவிய. அது நான்.

"நான் சொல்லிடுறேன்" என்றேன். "இல்லைன்னு ஊரறியச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க" என்றாள். வாசலில் என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

அந்த மெட்டை அழித்தேன். சென்னைக்குப் பேசி, என்னால் எழுத முடியாது, அவள்தான் எழுத வல்லவள் என்றேன். "புரியுது சார், உங்க பெருந்தன்மை" என்றார்கள். யூடியூப் இளைஞரை மறுபடி வரவழைத்தேன். கேமராவைப் பார்த்து, "அந்தப் பாட்டுகளில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை, அத்தனையும் அவளே எழுதினாள்" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். 'பெயரைத் துறந்த பேராசிரியர்' என்று தலைப்பு வைத்தார். கீழே வந்த கருத்துகளை என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"'இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா'. 'தன்னடக்கத்தின் சிகரம்'. இந்தா, ஒருத்தன் அழுதே இருக்கான்." கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க 'இல்லை'ன்னா 'ஆமா'ன்னு அர்த்தம். அது இந்த ஊருக்கே தெரியுமே. இனி எப்படிச் சொல்லி நம்ப வைக்கப் போறீக?"

தாளில் எதுவும் இல்லை, சாட்சி என்று என் மனைவி ஒருத்திதான். அவள் வாயால் பாடினாள், நான் காதால் கேட்டேன். உண்மையைச் சொல்லச் சொல்ல நான் பெரிய மனிதனாகிக்கொண்டே போனேன், அவள் சின்னவளாகிக்கொண்டே போனாள்.

பெருமை தரும் எதையும் சொல்லி இதைத் தீர்க்க முடியாது என்று புரிய நாளாயிற்று. என்னை இளக்காரமாக்கும் ஒன்றைச் சொன்னால்தான் நம்புவார்கள். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது.

ராஜபாளையத்திலேயே அவளுக்கு ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. பள்ளி மைதானம். மாலை வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. தொடங்கும் முன் அவளுக்கு மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். பிறகு மைக்கைக் கேட்டேன். அவள் முகம் இறுகியது. கொடுத்தாள்.

"நான் தமிழ் வாத்தியார்" என்று தொடங்கினேன். மேடைத் தமிழைத் தொடவில்லை. "இந்தப் பாட்டை நான்தான் எழுதிக் குடுத்தேன்னு ஒரு பேச்சு இருக்கு. நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன். இவ எங்க வீட்ல வந்து 'செத்த நேரம்'னு பாடினா. 'இது அமங்கலம், இந்தச் சொல்லை எடு'ன்னு சொன்னேன். எந்தக் கல்யாண வீட்லயும் போட மாட்டாங்கன்னு சொன்னேன். 'சற்று நேரம்'னு மாத்தச் சொன்னேன்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "எப்படி சார் மாத்தச் சொன்னீங்க? பாடிக் காட்டுங்க!"

பாடினேன். வாழ்க்கையில் மேடையில் பாடியதில்லை. "சற்று நேரம் இரு, செருப்ப மாட்டாத..." என் குரல் பாதியில் உடைந்தது. அதற்குள் மைதானமே வெடித்துச் சிரித்தது. மேடைக்குச் சாரம் கட்டியிருந்தவர்கள், கடலை விற்றவர், முன்வரிசையில் இருந்த துணிக்கடை பாய், எல்லோரும். "ஏலே, சற்று நேரம் இருலே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, இன்னொரு அலை எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அது வேலை செய்தது. இந்தப் பாட்டைக் கெடுக்கப் பார்த்தவன் இதை எழுதியிருக்க முடியாது என்பது யாருக்கும் விளங்கும். நான் பாடிய அந்தத் துண்டு பேட்டியைவிட வேகமாகப் பரவியது. இப்போது தெருவில் போனால் என்னை யாரும் கை குலுக்க நிறுத்துவதில்லை. டீக்கடையில் இளவட்டங்கள், "மாஸ்டர், சாருக்குச் சற்று நேரத்தில் ஒரு டீ" என்பார்கள். மாஸ்டர், "சற்றே பொறுங்கள் அய்யா" என்பார். குடித்துவிட்டு வருவேன்.

அந்த சினிமா வாய்ப்பு அவளுக்குத் திரும்பி வரவில்லை. அந்த மெட்டுக்கு வேறு யாரோ எழுதி, வேறு யாரோ பாடினார்கள். அது என்னால் போனது, அதை எதனாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் அடுத்த ஆல்பத்தின் மேல் சொல்லும் இசையும் குரலும் அவளுடையவை என்று அவள் பெயர் மட்டும் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்பதில்லை.

அந்த மைதானத்தில் கச்சேரி முடிந்து வண்டியில் ஏறும்போது என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அதை எதிர்பார்த்து நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பாதியத்தான் சொன்னீங்க பெரியப்பா" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அந்த மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு மாலை பார்க்கப் போனேன். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அவன் மெலிந்து கிடந்தான். நானும் அவனும் என்ன பேசுவோம்? சாப்பாடு, மருந்து, டாக்டர் எப்போது வருவார். பேச்சு தீர்ந்துவிட்டது. அன்று இரவு எனக்கு ஒரு பட்டிமன்றத்தில் நடுவர் வேலை. எழுந்தேன். வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டேன். அவன் கூப்பிட்டான்.

"செத்த நேரம் இருண்ணே, செருப்ப மாட்டாத."

"ஏதும் சொல்லணுமா?" என்று வாசலில் நின்றே கேட்டேன்.

"சொல்ல ஒண்ணும் இல்ல. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

"சும்மான்னா நாளைக்கு வாரேன்டா. நேரமாச்சு" என்று சொல்லி இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த மகள் வாசலில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். விடிவதற்குள் அவன் போய்விட்டான். அன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு எனக்கு இன்று நினைவில்லை.

அந்த நாலு வரியும் என் தம்பி என்னிடம் சொன்னவை. அவற்றைப் பாட்டாக்கியவள் அவள். அதில் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவன் நான். அவள் என் கூடத்தில் உட்கார்ந்து பாடிய அந்த மாலையில் முதல் வரியிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. அதனால்தான் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன். அமங்கலம், இலக்கணம் எல்லாம் பிறகு கண்டுபிடித்தவை. எடுக்க முடியாமல் போனபோது, பாட்டையே என்னுடையதாக்கிக்கொள்ளப் பார்த்தேன். பாட்டு என்னுடையதாகிவிட்டால் அது என்னைப் பற்றியதாக இருக்காதல்லவா?

அவள் தன் கச்சேரிகளில் அந்தப் பாட்டுக்கு முன் ஒரு கதை சொல்கிறாள். "எங்க பெரியப்பா ஒருத்தவிய இருக்காக, பெரிய வாத்தியார்" என்று தொடங்கி, 'சற்று நேரம்' என்று என் குரலிலேயே பாடிக் காட்டுகிறாள். கூட்டம் சிரிக்கிறது. மருத்துவமனையை அவள் எங்கும் சொன்னதில்லை. அது என் பொறுப்பு என்று விட்டுவைத்திருக்கிறாள்.

இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் வெளியூர் போயிருந்தாள். தம்பி மனைவி மட்டும் இருந்தாள். கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். கடைசித் தாள்வரை வாசித்துவிட்டு மடித்தாள். "அவ வந்ததும் குடுக்கேன் அத்தான்" என்றாள். காப்பி கொடுத்தாள்.

அந்த வீட்டில் யார் எழுந்தாலும் 'செத்த நேரம் இருந்துட்டுப் போங்க' என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். தபால்காரரிடமும் சொல்வார்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் சொல்வார்கள். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் எழுந்தேன். வாசல் வரை மெதுவாக நடந்தேன். செருப்பையும் மெதுவாகவே மாட்டினேன்.

"சரிங்க அத்தான்" என்றாள். "வெரசாப் போனா அஞ்சு மணி பஸ்ஸப் பிடிச்சிரலாம்."